மிஷினைக் கழற்றி வைத்த பிறகு

காது மந்தமான பெரியவர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: "அவ்வளவு செலவு பண்ணி மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கோம். அப்பவும் பெல் அடிச்சா கதவைத் திறக்க மாட்டேங்கிறாங்க." சொல்கிறவர் பக்கம் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரியும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

காது மிஷின் முக்கியமாகப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால், அந்தப் பேச்சைப் பிரித்தெடுத்துக் காதில் சேர்ப்பதில் அது கெட்டிக்காரக் கருவி. அதைப் போட்டுக்கொண்டு குளிக்க முடியாது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள முடியாது. கோடையில் காதோரம் வியர்வை வழிந்தால் கழற்றித் துடைத்து வைக்க வேண்டும். இரவில் அது டப்பாவிலோ சார்ஜரிலோ கிடக்கும். காக்ளியர் இம்பிளான்ட் பொருத்திக்கொண்டவர்களுக்கும் இதே நிலைதான். உள்ளே வைத்த பாகம் தலைக்குள்ளேயே இருந்தாலும், வெளியே மாட்டும் பிராசசரைக் கழற்றிவிட்டால் அதற்குச் செய்தி போகாது. ஆக, மிஷின் வைத்திருப்பவருக்கும் நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மிஷின் கிடையாது. நள்ளிரவு போன், குழந்தையின் அழுகை, புகை அலாரம் எல்லாம் அந்த நேரத்திலும் வரும்.

இதனால்தான் மிஷின் ஒரு பக்கம் இருக்க, வீட்டுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை ஏற்பாடு வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கேட்கும் திறன் குறைந்தவர்களாகப் பதிவானவர்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். வயதானதால் காது மந்தமாகி, அதை ஊனமென்று எண்ணாமல் "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்று காலம் தள்ளுகிறவர்களை எந்தக் கணக்கெடுப்பும் முழுதாகப் பிடிப்பதில்லை. ஏற்பாடு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனைக்கு வருவோம். "பெல்லையே இன்னும் சத்தமான பெல்லா மாத்திட்டா?"

வயதோடு வரும் காது மந்தத்தில் முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். உள்காதில் நத்தைக்கூடு வடிவத்தில் இருக்கும் உறுப்பின் வாசல் பக்கத்துச் செல்கள்தான் கீச்சுச் சத்தத்தைப் பிடிப்பவை; அவைதான் முதலில் தேய்கின்றன. அதனால் பேச்சில் ஆ, ஓ எல்லாம் கேட்கும். ஸ, ஷ, ச எல்லாம் நழுவும். நம் கடைகளில் அதிகம் விற்கும் காலிங் பெல்லில் ஒன்று குருவி கத்துவதுபோல் இருக்கும். காது மந்தமான பெரியவருக்கு அதைவிடப் பொருந்தாத பெல் கிடையாது. அதை எடுத்துவிட்டு, உலோகத் தகட்டைத் தட்டும் பழைய 'டிங் டாங்' பெல்லை மாட்டினாலே லேசான குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். செலவு சில நூறு ரூபாய். முதலில் இதைச் செய்து பாருங்கள்.

குறைபாடு அதைவிட அதிகமானால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. உள்காது பழுதானவர்களுக்கு ஒரு வினோதமான சிக்கல் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காது. கொஞ்சம் கூட்டினால் கேட்கும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் காது வலிக்கும். "கத்தாதே, கேக்குது" என்று பாட்டி திடீரென்று சீறுவது இதனால்தான். மறுபக்கம், முற்றிலும் கேட்காதவருக்கு எவ்வளவு சத்தமும் ஒன்றுதான். அங்கே செய்தியைக் காதிலிருந்து எடுத்துக் கண்ணுக்கோ தோலுக்கோ மாற்றிவிட வேண்டும்.

இப்படி மாற்றித் தரும் கருவி எந்த நாட்டில் எந்தப் பெயரில் விற்றாலும் அதற்குள் மூன்று வேலைகள்தான் நடக்கின்றன: கண்டுபிடிப்பது, கடத்துவது, காட்டுவது. வாசலில் பெல் அழுத்தப்பட்டது, போன் அடித்தது, குழந்தை அழுதது என்று முதல் பகுதி கண்டுபிடிக்கிறது. அந்தச் செய்தியை ரேடியோ அலையாகவோ ஒயர் வழியாகவோ இரண்டாவது பகுதி கொண்டுபோகிறது. மூன்றாவது பகுதி விளக்கை மின்ன வைத்தோ படுக்கையைக் குலுக்கியோ சொல்கிறது. கடைக்காரர் எதைக் காட்டினாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது? எப்படிக் கடத்துகிறது? எங்கே, எப்படிக் காட்டுகிறது? பாதி விளம்பரம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

கண்டுபிடிப்பதில் இரண்டு வகை உண்டு. மைக் வைத்துச் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிப்பது ஒரு வகை. பெல்லின் பட்டனே நேராகச் செய்தி அனுப்புவது இன்னொரு வகை. மைக் வகையை பெல்லுக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும், எலக்ட்ரீஷியன் வேண்டாம். ஆனால் மிக்ஸி ஓடினாலும் அது உஷாராகும். டிவி சீரியலில் யாராவது காலிங் பெல் அழுத்தினாலும் விளக்கு மின்னும். நாலு தடவை வாசலுக்குப் போய் ஏமாந்தவர் ஐந்தாவது தடவை எழுந்திருக்க மாட்டார். எச்சரிக்கைக் கருவிக்கு அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. வாசலுக்குப் பட்டன் வகையே நல்லது.

கடத்துவதில் கவனிக்க வேண்டியது தூரம். பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருந்தால் அது தடுப்பே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டி, இடையில் இரும்பு பீரோவும் நின்றால், வாசலிலிருந்து பின்கட்டுக்கே செய்தி தடுமாறும். வாங்கியதும் ஆணி அடித்துவிடாமல், கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் நின்று, வாசலில் ஒருவரை பட்டன் அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.

காட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் விளக்கு.

நம் வீடுகளில் காலிங் பெல் பெரும்பாலும் 230 வோல்ட் லைனிலேயே ஓடுகிறது. அதனால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பெல்லுக்கு இணையாக ஒரு எல்இடி பல்பைக் கூடத்திலும் இன்னொன்றைச் சமையலறையிலும் போட்டுவிடலாம். பட்டனை அழுத்தினால் பல்ப் எரியும். இதிலுள்ள குறை, அழுத்திய நேரம் மட்டுமே எரியும் என்பது. கூரியர் பையன் அரை விநாடி அழுத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அந்த அரை விநாடியில் பெரியவர் குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் போச்சு. ஒரு தடவை அழுத்தினால் இருபது விநாடியாவது விட்டுவிட்டு மின்னும் ஏற்பாடு வேண்டும். சோக், ஸ்டார்ட்டர் வைத்த பழைய டியூப் லைட்டை இதற்கு நம்பாதீர்கள். அது யோசித்து எரிவதற்குள் ஆள் போய்விடுவார்.

எங்கே மாட்டுவது என்பது எதை மாட்டுவது என்பதைவிட முக்கியம். நம் சமையலறைகளில் அடுப்பு பெரும்பாலும் சுவரைப் பார்த்தே இருக்கிறது. சமைப்பவரின் முதுகு கூடத்தைப் பார்க்கும். கூடத்தில் விளக்கு எவ்வளவு மின்னினாலும் அந்த முதுகுக்குத் தெரியாது. அடுப்புக்கு மேலே இருக்கும் வழவழப்பான டைல்ஸில் பளிச்சென்று அடிக்கும்படி ஒரு விளக்கைத் திருப்பி வைத்தால் தெரியும். குளியலறைக்குள் ஒன்று வேண்டும். பகல் வெயில் கொட்டும் கூடத்தில் சாதாரண பல்ப் எரிந்ததே தெரியாது. கேமரா ஃபிளாஷ்போல வெட்டி அடிக்கும் ஸ்ட்ரோப் வேண்டும். விளக்குக்குக் கீழே சீலிங் ஃபேன் ஓடினால், இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி எப்போதும் மின்னுவதுபோலக் காட்டும். அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். மின்னும் வேகம் விநாடிக்கு ஒன்று அல்லது இரண்டு முறை போதும். வேகம் கூடினால் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு அதுவே வலிப்பைத் தூண்டிவிடும்.

விளக்குக்கு இன்னொரு வரம்பு, மூடிய கண்ணுக்கு அது அதிகம் பேசாது என்பது. தூங்குகிறவரை வெளிச்சம் எழுப்பிவிடும் என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். அமெரிக்கத் தீ விதிகளில் காது கேளாதவர் படுக்கும் அறைக்கு 110 அல்லது 177 கேண்டெலா ஸ்ட்ரோப் என்று கணக்கே உண்டு. உண்மையில் எழுப்புகிறதா என்று படுக்க வைத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரதி புரூக்கும் இயன் தாமஸும் 2007இல் இதைச் செய்தார்கள். காது மந்தமானவர்களைத் தூங்கவிட்டு, ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது விதவிதமாக எழுப்பிப் பார்த்தார்கள். ஸ்ட்ரோப் விளக்குக்கு எழுந்தவர்கள் கால்வாசிப் பேர்தான். வழக்கமான புகை அலாரத்தின் கீச்சுச் சத்தத்துக்குப் பாதிக்குச் சற்று மேல். படுக்கையைக் குலுக்கும் கருவிக்கு ஐந்தில் நால்வர். எல்லாவற்றையும் முந்தியது இன்னொரு சத்தம்; பத்தில் ஒன்பது பேரை அது எழுப்பியது.

அது என்ன சத்தம்? வழக்கமான புகை அலாரம் சுமார் 3,100 ஹெர்ட்ஸில் கத்துகிறது. வயதான காது முதலில் இழக்கும் வரிசையில்தான் அந்தச் சுருதி நிற்கிறது. புரூக் குழு சோதித்தது 520 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சதுர அலை. சதுர அலை என்றால் ஒரே சுருதியோடு நிற்காது. அதன் ஒற்றைப்படை மடங்குகளையும் சேர்த்துக்கொண்டு வரும். 520, அதன் மும்மடங்கான 1,560, ஐந்து மடங்கான 2,600, ஏழு மடங்கான 3,640 என்று ஒரே நேரத்தில் பல சுருதிகள். காதில் எந்தப் பகுதி மிச்சமிருக்கிறதோ அதில் ஏதாவது ஒன்று போய்ப் படும். ஒற்றைச் சாவியோடு வருவதற்கும் சாவிக்கொத்தோடு வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அமெரிக்காவின் தீ அலாரம் விதித்தொகுப்பு தன் 2010 பதிப்பிலேயே, காது மந்தமானவர் தூங்கும் அறைக்கு இந்தக் கட்டைக்குரல் அலாரத்தைச் சேர்த்துவிட்டது. இணையத்தில் தேடும்போது '520 ஹெர்ட்ஸ்' என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வீடுகளில் புகை அலாரமே அபூர்வம். புதிதாக வாங்கப்போகிறவர்கள் சரியானதாகவே வாங்கிவிடலாமே.

மூக்கு வழியாக எழுப்பலாமா என்றுகூட ஜப்பானில் யோசித்தார்கள். சுஷியோடு சாப்பிடும் வசாபியின் காரநெடியைத் தீ நேரத்தில் அறைக்குள் பீய்ச்சும் அலாரம். தூங்குகிறவரை எழுப்பக் காற்றில் எவ்வளவு வசாபி வேண்டும் என்று கண்டறிந்ததற்காக அந்தக் குழுவுக்கு 2011இல் வேதியியலுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சோதனையில் எழாமல் போனவருக்கு மூக்கடைப்பு இருந்ததாம். சிரிப்புக்குரிய பரிசானாலும் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. முற்றிலும் காது கேளாதவருக்கு 520 ஹெர்ட்ஸும் உதவாது. அவருக்குத் தோல்தான் வழி.

தோலுக்குச் சொல்லும் கருவிதான் படுக்கைக் குலுக்கி. உள்ளங்கை அளவு வட்டுக்குள் ஒரு மோட்டார், அதன் அச்சில் ஒரு பக்கம் கனமான எடை. சுற்றும்போது மொத்தமும் உதறும். பல செல்போன்கள் அதிர்வதும் இதே முறையில்தான். இது அதைவிடப் பல மடங்கு முரடு. விட்டுவிட்டு உதறுவதையே வாங்குங்கள். ஒரே சீராக உதறினால் உடம்பு அதற்குப் பழகிப்போய் மறுபடி தூங்கிவிடும்.

இதை வைக்கும் இடத்துக்கு நம் வீட்டுக் கணக்கு தனி. இறுக்கமான தேங்காய் நார் மெத்தையோ அடர்ந்த இலவம்பஞ்சு மெத்தையோ தடிமனாக இருந்தால், அடியில் வைத்த அதிர்வு மேலே வருவதற்குள் சாதுவாகிவிடும். அப்போது தலையணை உறைக்குள் வைப்பதுதான் சரி. பாயில் படுப்பவருக்கும் அதுவே வழி. கால் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். பல வருடம் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். தோளும் தலையும்தான் நம்பகமான இடம். ஒயர் கட்டில் காலில் சிக்காமல், இரவில் எழுந்து நடக்கும்போது காலில் மாட்டாமல் சுவரோரம் போக வேண்டும். எழுப்புவதற்கு வைத்த கருவி தடுக்கி விழ வைத்துவிடக் கூடாது.

அடுத்தது அடுப்படி. கேட்டுக்கொண்டே செய்ய வேண்டிய வேலைகள் வீட்டிலேயே அதிகம் இருப்பது அங்கேதான். குக்கர் மூன்று விசில், பால் பொங்கும் சத்தம், மோட்டார் போட்டு டேங்க் நிரம்பி வழியும் சத்தம். இவற்றுக்கெல்லாம் தனித்தனியாக விளக்கு மாட்ட ஆரம்பித்தால் வீடு தேர்த் திருவிழாவாகிவிடும். எல்லாச் சத்தத்தையும் மாற்றித் தர வேண்டியதில்லை. சிலவற்றைக் கேட்கவே தேவையில்லாமல் செய்துவிடலாம்.

டேங்குக்கு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டால் நிரம்பியதும் மோட்டார் தானே நிற்கும். 'தண்ணீர் நிரம்பிவிட்டது' என்று பேசும் அலாரம் இந்த வீட்டுக்கு வீண் செலவு. சோற்றுக்கு எலக்ட்ரிக் ரைஸ் குக்கர். தண்ணீர் வற்றி அடிச்சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் அதன் அடியிலுள்ள காந்தம் பிடிப்பை இழக்கும், ஸ்விட்ச் கீழே விழும். விசிலும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. பிரஷர் குக்கரைத்தான் பயன்படுத்துவேன் என்பவருக்கு விசிலை விட்டுவிட்டு நேரத்துக்கு மாறுவது நல்லது. ஆவி நேராகச் சீறி வருவதைக் கண்ணால் பார்த்து வெயிட்டைப் போட்டு, தீயைக் குறைத்து, இடுப்பில் செருகும் அதிரும் டைமரிலோ கைக்கடிகாரத்திலோ நிமிடத்தை வைத்துவிடலாம். பருப்புக்கு எத்தனை நிமிடம் என்பது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

கேஸ் கசிவுதான் விட்டுவிடக் கூடாத விஷயம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். அதனால் கசிவு அலாரத்தைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். புகை அலாரத்துக்கு இடம் கூரை. இரண்டையும் ஒரே உயரத்தில் மாட்டினால் ஒன்று சும்மா இருக்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு என்றால் அது லேசானது, மேலே போகும்; அதற்கான கருவி உயரத்தில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கசிவு அலாரம் பெரும்பாலும் கீச்சுக் குரலில்தான் கத்தும். வெளிக் கருவியை இயக்கும் ரிலே இணைப்பு உள்ளதாக வாங்கி, விளக்கையோ குலுக்கியையோ கட்டாயம் வேறு அறையில் இணையுங்கள். கேஸ் பரவிய சமையலறைக்குள் விளக்கு 'டக்' என்று எரிந்தால் அதில் எழும் சிறு பொறியே விபத்தாகிவிடலாம். பெரியவருக்கும் அதையே சொல்லி வையுங்கள்: எச்சரிக்கை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கேஸ் கசிவுக்கான உதவி எண் 1906. அது பேசிச் சொல்ல வேண்டிய எண் என்பதால், அவருக்காகக் கூப்பிட்டுச் சொல்லப்போகிற அடுத்த வீட்டுக்காரர் யார் என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் காது கேளாத தாய் தகப்பனுக்கென்று அழுகையைப் பிடித்து அனுப்பும் கருவிகள் உண்டு. சில விநாடிகள் சத்தம் நீடித்தால்தான் செய்தி அனுப்பும்படி அவற்றில் அமைத்துக்கொள்ளலாம். ஒரு தும்மலுக்கும் இருமலுக்கும் தாயை எழுப்பாது. தொட்டிலிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, டேபிள் ஃபேன் காற்று மைக்கில் அடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். தூளியின் கயிற்றிலேயே கட்டித் தொங்கவிடாதீர்கள். தூளி ஆடும் சத்தமே அதற்கு அழுகையாகிவிடும். ஒயர் குழந்தையின் கைக்கு எட்டுவது அதைவிட ஆபத்து.

"இதெல்லாம் எதுக்கு, போனிலேயே வந்திருச்சே?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான், வந்திருக்கிறது. 2020இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் சில வாரங்கள் முன்பின்னாக ஒலியை அடையாளம் காணும் வசதி வந்தது. கதவு தட்டுவது, நாய் குரைப்பது, குழந்தை அழுவது, புகை அலாரம், தண்ணீர் ஓடுவது போன்றவற்றைப் போன் தானே கேட்டு, அதிர்ந்து, ஃபிளாஷ் அடித்துச் சொல்லும். இணையம்கூட வேண்டாம், போனுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். ஐபோனில் 2022 முதல் உங்கள் வீட்டு பெல்லின் சத்தத்தை நீங்களே கற்றுக்கொடுக்கலாம். கையில் அதிரும் வாட்ச் கட்டியிருந்தால் தோட்டத்தில் நின்றாலும் செய்தி வரும். காலை முதல் மாலை வரை இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் பொருள் என்பதால் செலவும் இல்லை. செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி' பகுதிக்குள் போய்ப் பாருங்கள்.

ஆனால் உயிர் போகிற காரியத்தில் இதை நம்பியிருக்கக் கூடாதென்று ஆப்பிள் நிறுவனமே அந்த வசதியோடு எச்சரிக்கை போட்டிருக்கிறது. போன் இன்னொரு அறையில் கிடந்தால், சார்ஜ் தீர்ந்தால், வாட்சைக் கழற்றிச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினால், வீட்டுக்கு மறுபடி காது இல்லை. பகலுக்குப் போன், இரவுக்குப் படுக்கையோடு நிலையாக இருக்கும் கருவி என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கேமரா வைத்த வைஃபை பெல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரண்ட் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும், பெல் ஊமையாகிவிடும். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள்.

கரண்ட் பேச்சு வந்ததால் இன்னும் இரண்டு. இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் வீட்டு விளக்கெல்லாம் ஒரு தடவை சிமிட்டும். எச்சரிக்கை விளக்கின் தாளம் அதிலிருந்து தெளிவாக வேறாக இருக்க வேண்டும். வாசலுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, தீக்கு ஒன்று என்று மூன்று தாளம் போதும், அதற்கு மேல் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரண்டாவது, அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வாங்கி வரும் கருவிகள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரின் மேல் '100 முதல் 240 வரை' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கில் செருகினால், முதல் நாளே புகை அலாரத்துக்கு நிஜமான வேலை வந்துவிடும்.

வாசலில் ஒரு சின்ன வேலை பாக்கி. பெரியவர் விளக்கைப் பார்த்து எழுந்து வர நேரம் ஆகும். 'காது கேளாதவர் வீடு' என்று போர்டு மாட்டச் சிலர் சொல்வார்கள். தனியாக இருப்பவர் வீட்டில் அது வேண்டாத ஆட்களுக்கும் தகவல் சொல்லும். 'பெல்லை அழுத்திவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கவும்' என்றால் போதும். காரணம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

எல்லாம் மாட்டி முடித்த பிறகும் கருவி வேலை செய்கிறதா என்பது காது கேளாதவருக்குத் தானாகத் தெரியவராது. பேட்டரி தீர்ந்தால் 'கீச் கீச்' என்று கத்திச் சொல்லும் அலாரம் அவரிடம் கத்தி என்ன பயன்? ஆகவே மாதம் ஒரு நாள் சோதனை. அமாவாசை என்று வைத்துக்கொண்டால் காலண்டர் பார்க்கும் வீட்டில் மறக்காது. மிஷினைக் கழற்றிவிட்டு அவர் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் படுத்திருக்க, மற்றவர் ஒவ்வொரு பட்டனாக அழுத்த வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, என்றைக்கென்று சொல்லாமல், நிஜமான தூக்கத்தில் ஒரு தடவை சோதிப்பது இன்னும் நல்லது.

இதில் இன்னொரு பாடம், பிறவியிலேயே காது கேளாதவர்களிடம் இருக்கிறது. அவர்கள் வீடுகளில் ஸ்விட்சைப் போட்டு அணைத்துக் கூப்பிடுவதும், பேசுகிறவர் முகம் தெரியும்படி நாற்காலியைப் போடுவதும் கருவிகளுக்கு வெகு முன்பே இருந்தவை. அமெரிக்காவில் மரத்தரையை மிதித்தால் அதிர்வு போய் மற்றவர் காலில் சேரும். நம் மொசைக் தரையில் அது நடக்காது என்பதால் இங்கே வெளிச்சமும் தோளைத் தொடுவதும்தான் புழக்கம். ஐம்பது அறுபது வயதுக்கு மேல் காது போனவருக்கு இந்தப் பழக்கம் எதுவும் கிடையாது. தெருவில் பிறவியிலேயே காது கேளாதவர் குடும்பம் இருந்தால் ஒரு சாயங்காலம் போய் அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தக் கடைக்காரரையும்விட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது? முதலில் படுக்கையறை: புகை அலாரம், குலுக்கி. அடுத்து கேஸ். அப்புறம் வாசல். போன் தானாகவே பாதி வேலையைச் செய்துவிடும். மற்றவை மெதுவாக வரட்டும்.

வாங்கும் முன் ஒரு தாளில் வீட்டை வரைந்து, காலையிலிருந்து இரவு வரை பெரியவர் எந்த நேரம் எங்கே இருக்கிறார், அப்போது கண் எதைப் பார்க்கிறது, உடம்பு எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, மிஷின் காதில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி எங்கே என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். மகனோ மருமகளோ உட்கார்ந்து அதை எழுதினால் பாதி தப்பாக இருக்கும். நாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் செய்தி சொல்லி, வாசலையும் போனையும் அவரிடமிருந்து ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டோம். அவருக்குத் தெரிய வேண்டியது எது, தெரியாவிட்டாலும் பரவாயில்லை எது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பேனாவை அவரிடம் கொடுங்கள்.